ஜெயரட்ணம் மாஸ்டர் துப்பாக்கிக்குப் பொருத்தம் பார்த்த கதை

மெல்பனுக்கு வெளியே, கிரான்பர்னில் அந்த நாளில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகும் பின் இருக்கையில் ஒருவர் கால் நீட்டிப் படுக்க இடமிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஐந்து ஏக்கர் நிலம், ஒரு தகரக் கொட்டகை, கணிதத்தில் சிறப்புப் பட்டம், நெற்றி நிறைய விபூதி ஆகியவற்றோடு வாழ்ந்து வந்தவர் ஜெயரட்ணம் மாஸ்டர். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அட்சரகணிதம் படிப்பித்தார். குளியலறையில் சிலந்தியைக் கண்டால் ஒரு கிளாசைக் கவிழ்த்து, அடியில் கடதாசியைச் செருகி, முற்றத்துக்குக் கொண்டுபோய் மரியாதையாக வழியனுப்பி வைப்பார். முட்டை சேர்த்த கேக் என்று தெரிந்தால் ஆசிரியர் அறையின் தேநீர் மேசையிலிருந்தே ஓரடி தள்ளி நிற்பார்.

இந்த மனிதர்தான் 1977ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இருநூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் நரியை ஒரே தோட்டாவில் சாய்ப்பதற்கு எந்த அளவுத் துப்பாக்கி உகந்தது என்ற துறையில், விக்டோரியாவின் தென்கிழக்குப் பகுதி முழுவதற்கும் ஒரே தமிழ் அறிஞராக விளங்கினார். புத்தருக்குக் கசாப்புக் கடை வைக்க நேர்ந்ததுபோன்ற இந்த நிலைமைக்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தின் பெயர் கெவின்.

கெவின் பக்கத்துக் காணிக்காரர். செம்மறி வளர்த்தார். தனிக்கட்டை, வழுக்கைத் தலை, அந்தத் தலையை அவருடைய பழுப்பு நிறத் தொப்பியைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அந்த வருடம் பங்குனியில் யாழ்ப்பாணத்தில் ஜெயரட்ணத்தின் தகப்பனார் காலமானபோது, தந்தி வந்து சேருவதற்குள் தகனமே முடிந்திருந்தது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வாசல் படியில் குந்தியிருந்த மாஸ்டருக்குப் பக்கத்தில் கெவின் வந்து உட்கார்ந்தார். பொழுது சாயும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எழுந்து, "சரி, மேட்" என்று சொல்லிவிட்டுப் போனார். செத்த வீட்டுக்கு வந்து அரை நாள் வாய் திறக்காமல் இருந்த மனிதரை யாழ்ப்பாணத்தார் ஒருவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டது அன்றைக்குத்தான். அந்த மதிப்பு மாஸ்டரின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஆனியில் கெவின் டிராக்டரிலிருந்து விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு தேநீர் குடிக்க வந்தவர் சர்க்கரையைக் கலக்காமலே கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாதம் குட்டி போடத் தொடங்கும், ஜே. போன வருடம் பாதிக் குட்டிகளுக்கு மேல் நரியும் காகமும் கொண்டுபோய்விட்டன. இந்தத் தோளில் துப்பாக்கியை வைக்க முடியாது. இந்த வருடமும் போனால், ஏஜெண்டைக் கூப்பிட்டுவிடுவேன். காணியை வெட்டி வீடு கட்டி விற்கட்டும். நான் என் தங்கையோடு போய் இருக்க வேண்டியதுதான்." தங்கையோடு இருப்பது என்பதைத் தூக்குத் தண்டனையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் சுட்டிருக்கிறேன்" என்றார் ஜெயரட்ணம்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. உள்ளே மனைவி பவளத்தின் கையிலிருந்த தட்டம் குசினித் தரையில் விழுந்து உருண்டது. ஆனால் சொன்னது பொய்யல்ல. பள்ளிக்கூடத்தில் கடேற் என்ற மாணவர் படையில் இருந்தபோது, தோள் நீலம் பாரிக்கப் பட்டாளத் துப்பாக்கியால் கடதாசிக் குறியைச் சுட்டு, இரண்டாம் பரிசாக முட்டைக் கிண்ணம் அளவில் ஒரு வெற்றிக் கிண்ணமும் வாங்கியவர். அன்றிலிருந்து அதில் விபூதி வைத்திருக்கிறார்.

கெவின் போனதும் பவளம் வெளியே வந்தார். டான்டினோங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. இரத்தத்தைக் கண்டு பயப்படாதவர். கணவரின் வாக்குகளைக் கண்டு பயப்படுகிறவர்.

"இஞ்சாருங்கோ, சிலந்திக்குக் கார் பிடிச்சு அனுப்புற ஆள் நீங்கள். நரியைச் சுடப் போறியளோ?"

"வாய் தவறி வந்திட்டுது, பவளம்."

"அப்ப போய் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

"அந்த மனிசன் அண்டைக்கு வந்து இருந்ததை நீரும் பாத்தனீர்தானே?"

பவளம் கெவின் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை சுடக் கூடாது" என்றார். இப்படியாக அனுமதி கிடைத்தது.

இனித் துப்பாக்கி. சாதாரண மனிதன் என்றால் கடைக்குப் போவான், வாங்குவான், வருவான். ஜெயரட்ணம் மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்தவர். குண்டின் பருமன் என்பது ஒருமுறை முடிவானால் மாற்ற முடியாத சம்பந்தம் என்று கேள்விப்பட்டதும், அதற்கு உரிய முறை எது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. குலம், கோத்திரம், குணம், குரல், உத்தியோகம் எல்லாம் விசாரிக்கத் தொடங்கினார். மணமகள், கெவினின் காணிக்கும் தன் காணிக்கும் இடையில் கிடந்த அந்தப் பள்ளம். கொட்டகை வாசலிலிருந்து எதிர்ச் சரிவில் ஆடுகள் குட்டி போடும் இடம் வரை இருநூறு கெஜத்துக்குச் சற்று மேல். இந்தப் பெண்ணுக்கு ஏற்ற மாப்பிள்ளை யார்?

முதலில் வந்தது குண்டின் பருமன் .22 அங்குலமான சின்னத் துப்பாக்கி. அயல்வீட்டுப் பொடியன் மாதிரி. எல்லார் வீட்டிலும் இருக்கும், செலவு குறைவு, சத்தம் இல்லை. ஆனால் நூறு கெஜம் ஓடுவதற்குள் களைத்துத் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். கல்லில் பட்டால் சொன்ன வீட்டுக்குப் போகாமல் வேறு வீட்டுக்குப் போகிற பழக்கமும் உண்டு. தள்ளுபடி.

அடுத்தது .303. மாஸ்டரின் கடேற் காலத்துச் சினேகிதர், ஓய்வுபெற்ற பட்டாளக்காரர். பரம்பரை நல்லது. ஆனால் நரியைத் துளைத்த பிறகும் உத்தியோகம் முடிந்ததென்று ஒத்துக்கொள்ளாமல் அடுத்த ஊர் வரை நடந்துபோகிற ஆள். மனவருத்தத்தோடு தள்ளுபடி.

டான்டினோங் துப்பாக்கிக் கடைக்காரர் .243ஐத் தன் சொந்த மருமகனைப்போலப் புகழ்ந்தார். "கனத்த குண்டு. காற்று அசைக்காது. நாளைக்கே மான் வந்தாலும் சமாளிக்கும்." மான் வந்தால் அதற்குப் புல் வைக்கப்போவதாக மாஸ்டர் சொன்னார். கடைக்காரர் துப்பாக்கியை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சடகோபன் தலையிட்டார். சடகோபன் தமிழ்நாட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பிப்பவர். வெங்காயம் பூண்டு சேர்க்காத பரம வைஷ்ணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பவளத்தின் தோசைக்காக மெல்பனின் மறுகோடியிலிருந்து காரோட்டி வருவார். வந்தவர் சங்கதியைக் கேட்டதும் தட்டில் இருந்த மிளகாய்ப்பொடியில் விரலால் கோடிழுத்து, குண்டு போகும் பாதையை வரைந்தார். இரண்டு சுத்த சைவக்காரர்கள் சாம்பாருக்கு மேலாகக் குனிந்து, குண்டு நரியின் எந்த விலாவில் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்ததை அந்த வீட்டுச் சுவரில் இருந்த முருகன் வேலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் பூண்டுகூடத் தொடறதில்லை. ஆனா கணக்குன்னு வந்துட்டா கணக்குதான். .22-250 எடுங்கோ. குண்டு சின்னது, வெடிமருந்து ஜாஸ்தி. மின்னல் மாதிரி நேராப் போகும். நீங்க யோசிக்கற டிரிபிள் டூ இருக்கே, .222, அது குறுக்குக் காத்துல ஒரு சாண் விலகிடும். இது அவ்வளவு விலகாது, பாருங்கோ."

"காத்து அடிக்கேக்க சுடாமல் விட்டால்?"

சடகோபன் மிளகாய்ப்பொடிக் கோட்டை விரலால் அழித்தார். "அது வந்து... கணக்குல வராது சார்."

"சாப்பாட்டு மேசையில நரியின்ர நெஞ்சாங்கூட்டை வைக்காமல் தோசையைச் சாப்பிடுங்கோ ரெண்டு பேரும்" என்றார் பவளம்.

மறுநாள் விடியற்காலையில் ஜெயரட்ணம் செய்த காரியத்தை எந்தத் தரகரும் செய்ததில்லை. பெண்வீட்டுக்கு நேரில் போனார். குளிருக்குக் கெவினின் பழைய நீண்ட எண்ணெய்த்துணி மழைக்கோட்டையும், காது வரை இறங்கும் அந்தப் பழுப்புத் தொப்பியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பள்ளத்தைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறி, நரி வந்து நிற்கும் இடத்தில் ஈரப் புல்லில் நாலு காலில் நின்றார். பிறகு குப்புறப் படுத்தார்.

கெவின் காது மூடிய கம்பளிக் குல்லாயோடு வேலியோரம் ஓடி வந்தார். "ஜே! உயிரோடு இருக்கிறாயா?"

"கொஞ்ச நேரம் நரியாக இருக்கிறேன்" என்றார் மாஸ்டர்.

நரியாக இருந்ததில் கணக்குக்கு அகப்படாத இரண்டு விடயங்கள் அகப்பட்டன. சரிவின் இடதுபுறத்தில், நரிக்குப் பின்னால், ஆளுயரத்துக்கும் மேலான செம்மண் மேடு. வலதுபுறத்திலோ ஒன்றுமில்லை, வெறும் ஆகாயம். ஆகாயத்துக்குக் கீழே தெருவும், பள்ளிக்கூட பஸ் நிற்கும் தகரக் கூரையும். தவறிப்போன குண்டு ஆகாயத்தில் தங்கிவிடாது. அவரிடம் அட்சரகணிதம் படிக்கிற ஒரு பிள்ளையிடம்தான் போய்ச் சேரும். ஈரம் வயிற்றில் ஊறிய குளிரைவிட இது அவரைக் குளிர வைத்தது.

இரண்டாவதைக் கெவின் சொன்னார். பெரிய வெடிச் சத்தம் கேட்டால் ஈன்ற ஆடு மிரண்டு ஓடிவிடும். ஓடிய ஆடு சில வேளை குட்டியைத் தேடித் திரும்பி வராது. குட்டியைக் காப்பாற்றச் சுட்ட சத்தமே குட்டியை அநாதையாக்கும்.

அன்றைக்கு ஜெயரட்ணம் முடிவெடுத்தார். .222. சின்னக் குண்டு, மிதமான மருந்து. அந்தப் பள்ளத்தைத் தாண்டப் போதுமான வேகம். அதற்கு மேல் வீறாப்பு இல்லை. மண்ணில் பட்டால் தெறித்து ஊர் சுற்றாமல் அங்கேயே தூளாகிவிடும். மற்றவர்களோடு ஒப்பிட்டால் குரலும் அடக்கம். "வேண்டிய தூரத்துக்கு மேல ஒரு முழமும் போகாத மாப்பிள்ளை" என்றார் பவளத்திடம். இடதுபுறச் செம்மண் மேட்டின் இரு முனைகளிலும் இரண்டு வேலிக் கட்டைகளுக்கு வெள்ளை அடித்தார். அந்த வெள்ளைக்கு வெளியே ஐராவதமே வந்து நின்றாலும் சுடுவதில்லை என்று சட்டம் செய்தார்.

சடகோபன் தன் .22-250 தோற்றதற்கு, தேர்தலில் கட்டுத்தொகை இழந்தவரைப்போல ஒரு வாரம் துக்கம் கொண்டாடினார். பிறகு சமாதானமாகி, புதுத் துப்பாக்கியின் தொலைநோக்கியைச் சரிபார்க்க உதவினார். இருநூறு கெஜத்தில் மூன்று குண்டும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டுக்குள் அடங்கியபோது அவர் தன்னையறியாமல் "பெருமாளே" என்றார்.

ஆடி பிறந்ததும் குட்டிகள் பிறந்தன. அடுத்த நாளே நரி வந்தது. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே வந்து நிற்கும் வரை மாஸ்டர் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். ஒரே தோட்டா. நரிக்குத் தான் இறந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தது மாஸ்டருக்கு. கொட்டகையிலிருந்து நேரே குளியலறைக்குப் போய், இழவு வீட்டுக்குப் போய் வந்தவரைப்போல, அந்த ஆடிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினார். அடுத்த நரிக்கும் முழுகினார். அதற்கு அடுத்ததற்கும். கிரான்பர்னில் நரிகள் குறையக் குறைய மாஸ்டரின் சளியும் தடிமனும் கூடிக்கொண்டு போயின. வகுப்பில் அவர் தும்மும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு நரி போனது தெரிந்தது.

ஆனால் குட்டிகள் தொடர்ந்து செத்தன. இப்போது காகங்கள். எழுந்து நிற்கத் தெரியாத குட்டிகளின் கண்களைத்தான் அவை முதலில் குறிவைத்தன.

"நான் இந்தக் காணியில் பிறந்து வளர்ந்தவன்" என்றார் கெவின். "இவ்வளவு காகம் இங்கே எப்போதுமே இருந்ததில்லை, மேட். ஒரு மூன்று வருடமாகத்தான். எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை."

மூன்று வருடம் என்றதும் மாஸ்டருக்குத் தேநீர் புரையேறியது. அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். வந்த முதல் சனிக்கிழமையிலிருந்து பவளம் பின்முற்றத்தில் காகத்துக்குச் சோறு வைத்து வருகிறார். வாழையிலைக்கு அங்கே எங்கே போவது? கோவா என்கிற முட்டைக்கோசு இலையில் சோறு, பருப்பு, நெய். முதலில் அந்த ஊர்க் காகங்களுக்கு விளங்கவில்லை. நம் ஊர்க் காகம்போல அவை படபடவென்று கரைவதில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் கவனிக்கப்படாத சம்பந்தியைப்போல இழுத்து இழுத்து முறையிடும். ஆனால் சோறு விளங்காத சாதி உலகத்தில் ஏது? ஒன்று வந்தது. அது தன் சனத்தைக் கூட்டி வந்தது. தகப்பனார் இறந்த பிறகு அந்தக் கோவா இலையில் வடையும் சேர்ந்தது. தென்கிழக்குக் காகங்கள் அத்தனையும் கிரான்பர்னைத் தங்கள் திருத்தலமாக்கிக்கொண்டன. சனிக்கிழமை இங்கே அன்னதானம். மற்ற நாட்களில் கெவின் வீட்டுச் சாப்பாடு.

நரியை ஒழிக்க வாக்குக் கொடுத்தவரே காகத்தை வளர்த்து விட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை. கெவினின் கோட்டு, கெவினின் தொப்பி, கொட்டகை வாசல். பக்கத்தில் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த சடகோபன், இருகண் தொலைநோக்கியோடு. எதிர்ச் சரிவில் அப்போதுதான் ஈன்ற ஒரு ஆடு. குட்டிக்கு ஒரு முழம் தள்ளி, செம்மண் மேட்டின் விளிம்பில் ஒரு காகம். மாஸ்டர் துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் பார்த்தார். இடது சிறகில் ஓர் இறகு வெள்ளை. போன சனிக்கிழமை வடையை முதலில் எடுத்தது அதுதான். "மாமா வந்திட்டார்" என்று பவளம் சொன்னதும் அதைப் பார்த்துத்தான்.

விரல் விசையில் நின்றது. ஒரு பக்கம் அரை நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த கெவின். மறுபக்கம் இன்னும் சில வாரங்களில் வரவிருக்கும் ஆடி அமாவாசை. தகப்பனுக்கு முதல் விரதம். காகத்தைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு "கா, கா" என்று கூப்பிடுவது? கூப்பிட்டால் யார் வருவார்கள்?

காற்றுச் சற்று ஓய்ந்தது. மாஸ்டர் சுட்டார். காகத்தின் பக்கத்தில் செம்மண் சீறி எழுந்தது. காகம் தன் வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் பேசிக்கொண்டு பறந்தது. ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குட்டியை நக்கியது.

இன்னொரு காகம் வந்தது; மறுபடியும் மண். இன்னொன்று, மண்.

சடகோபனால் பொறுக்க முடியவில்லை. "என்ன சார் இது, ஒவ்வொண்ணையும் விட்டுட்டே இருக்கீங்க! அதான் .22-250 எடுங்கோன்னு தலைபாடா அடிச்சிண்டேன்."

"ஒண்டும் தவறேல்லை, சடகோபன். காகத்துக்கு இடப்பக்கம் நாலு விரல். அங்கதான் குறி வைச்சனான். போய்ப் பாருங்கோ."

சடகோபன் போய்ப் பார்த்தார். காகக் கால் தடத்திலிருந்து குண்டு பட்ட இடம் வரை பேனாவால் தொட்டுத் தொட்டு அளந்தார். திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது.

"கொல்லுறதெண்டால் எந்தத் துவக்கும் போதும்" என்றார் மாஸ்டர், துப்பாக்கியைத் தட்டி, தும்மலுக்கு நடுவே. "நாலு விரல் தள்ளி, உயிரோட விடுறதுக்குத்தான் நல்ல துவக்கு வேணும்."

உலகத்தில் தோட்டா செய்கிற எந்த நிறுவனமும் தன் சரக்கை இந்த நோக்கத்துக்காகப் புகழ்ந்ததில்லை. அது அவர்களுடைய குறைபாடு.

காகம் மனிதரைவிடப் புத்திசாலி. சில நாட்களில் சரிவுப் பக்கம் ஒரு சிறகும் தெரியவில்லை. பின்முற்றத்துக் கோவா இலைக்கு மட்டும் முறை தவறாமல் வந்தன. அங்கே சோறு வைப்பவர் வேட்டி கட்டி, விபூதி பூசிய சாது. சரிவில் வெடி வைக்கிற கொடியவன் வேறு ஆள். நீண்ட கோட்டும் பழுப்புத் தொப்பியும் போட்டவன். அவனைக் காகங்கள் நன்றாக அடையாளம் வைத்துக்கொண்டன.

அந்தக் கோட்டும் தொப்பியும் ஈனும் பருவம் முடிந்ததும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன. தோளும் கூடியிருந்தது, கெவின் மெதுவாக வெளியே நடமாடத் தொடங்கினார். நடமாடிய இடமெல்லாம் அவர் தலைக்கு மேல் ஒரு கண்டனக் கூட்டம் பறந்து வந்தது. தபால் பெட்டிக்குப் போனாலும் திட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாலும் திட்டு.

"நான் இவற்றுக்கு என்ன செய்தேன்?" என்றார் கெவின், உண்மையான வேதனையோடு. மாஸ்டர் பலமாகத் தும்மினார். ஆனால் கெவினின் காணியில் குட்டிகள் துள்ளிக்கொண்டு திரிந்தன. ஏஜெண்டைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் அவர் பிறகு பேசவே இல்லை.

ஆடி அமாவாசை அன்று பவளம் அவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். மாஸ்டர் முழுகி, வேட்டியோடு, கோவா இலையில் சோறும் கறிகளும் வடையும் வைத்துப் பின்முற்றத்தில் நின்றார். காகம் வாய் வைத்த பிறகுதான் யாரும் சாப்பிடலாம். "கா... கா..." வேலிக்கு அப்பால் மரத்தில் வெள்ளை இறகுக் காகம் எழுந்தது. இறங்கப் போன நேரத்தில், "ஜே, நான் பிந்திவிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுப் பக்கவாட்டில் கெவின் வந்து நின்றார். கோட்டு. தொப்பி.

காகம் ஆகாயத்திலேயே திரும்பி, சாபமிட்டுக்கொண்டு மரத்துக்குப் போனது.

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் கூப்பிட்டார். வரவில்லை. இலையைச் சற்று முன்னே தள்ளி மறுபடி கூப்பிட்டார். வடை ஆறிக்கொண்டிருந்தது. தகப்பன் முதல் அமாவாசைக்கு மகன் வீட்டுக்குச் சாப்பிட வந்து, வாசலில் நின்று திரும்பிப் போகப் பார்க்கிறார்.

"இஞ்சாருங்கோ!" குசினி யன்னலிலிருந்து பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அந்தத் தொப்பியைக் கழட்டச் சொல்லுங்கோவன்!"

"கெவின்," என்றார் மாஸ்டர். "இது என் அப்பாவுக்கு. தயவுசெய்து அந்தத் தொப்பியை..."

கெவினுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் சட்டென்று மாறியது. தேவாலயத்தில் நிற்பவரைப்போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்து, கோட்டின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். வெளிச்சமே காணாத அந்த வழுக்கைத் தலை அமாவாசை மதியத்தில் பளிச்சென்று மின்னியது.

மரத்திலிருந்த காகம் அந்தப் புது மனிதரைத் தலை சாய்த்துப் பார்த்தது. பழைய கொடியவனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்ததுபோல மெல்ல இறங்கி வந்து, கோவா இலையின் ஓரத்தில் நின்று, வடையை எடுத்தது.

கெவின் நெடுநேரம் அப்படியே நின்றார். சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் தொப்பியைப் போடவில்லை. மாஸ்டர் ஏன் என்று விளக்கவும் இல்லை. நாலு விரல் தள்ளி விடத் தெரிந்தவருக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் தெரிந்திருந்தது.